வாடைத் தண்ணி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உக்குவளை வீட்டு முற்றத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தபோது ரிஸ்னாவின் அழைப்பு வந்தது. எங்கள் மாவட்டத்து நாவுலை ஊர்ப் பிள்ளை. நான் ஓய்வு பெற்று வந்த அதே அறையில், ஏறக்குறைய நான் இருந்த அதே நாற்காலியில் இப்போது இருக்கிறாள். கடலில் ஆபத்தில் மாட்டியவர்களின் அழைப்பைக் கேட்டு, பக்கத்தில் போகும் கப்பலையும் படகையும் திருப்பி அனுப்பித் தேட வைக்கும் அறை அது. கொழும்பில் இருக்கிறது. 'ஒப்ஸ் ரூம்' என்போம். என்னை எதற்கு எடுத்தார்களோ அதற்குத்தான் அவளையும் எடுத்தார்கள்: மாத்தளைக்காரி, மூன்று பாஷையும் பேசுவாள்.

"மிஸ், ஃப்ரீயா இருக்கீங்களா? பழைய ட்ரெய்னிங் புத்தகத்த கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லி இருக்காங்க. எனக்கு வந்த பாடத்துல உங்க கையெழுத்து இருக்கு மிஸ்! அதான் சந்தோஷத்துல எடுத்தேன்."

எனக்கும் சந்தோஷம்தான். பெருமை வேறு. "என்ன பாடம், வாசி பாப்போம்" என்றேன்.

அவள் ஆங்கிலத்தில் வாசித்ததன் சாரம் இது. திருகோணமலைக்கு வடக்கே ஒரு படகு மூழ்கியது. படகின் தலைவர் நீரோட்டத்தின் திசையைத் தவறாக அறிவித்தார். அதனால் தேடல் இருபத்தைந்து மணி நேரம் தவறான பக்கத்தில் நடந்தது. பாடம்: மீன்பிடிப் படகுகள் சொல்லும் திசையை நம்பி வரைபடத்தில் குறிக்க வேண்டாம்.

"என்ன புள்ள சொன்ன? திரும்ப வாசி."

திரும்ப வாசித்தாள். மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னேன். பாயில் பரப்பியிருந்த மிளகின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்தது கூடத் தெரியவில்லை. அந்த மனிதர் சரியாகத்தான் சொன்னார். கரையில் அதைக் காதால் கேட்ட ஒரே ஆள் நான். தவறாக எழுதியதும் நான். அவர் செத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது, பழி இன்னும் அவர் தலையில் கிடக்கிறது. அதற்குக் கீழே என் கையெழுத்து.

"மிஸ்? லைன்ல இருக்கீங்களா மிஸ்?"

"பின்னேரம் எடுக்கிறேன் புள்ள" என்று வைத்துவிட்டேன். அன்று சமைக்கவில்லை. மிளகையும் கோழிதான் கிளறியது.

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த நான் கடலை முதன்முதலில் பார்த்தது பத்தொன்பது வயதில், இந்த வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று, கொழும்புக் கோட்டை பஸ்ஸின் ஜன்னல் வழியாக. நீந்தத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. பயிற்சி ஆறு மாதம்: வானொலிப் பெட்டி, அலைவரிசைகள், வரைபடம் வாசிக்கிறது, ஆங்கிலச் சொற்கள். அதெல்லாம் மனப்பாடம்தான். ஸ்கூலில் மனப்பாடத்தில் என்னை வெல்ல ஆளில்லை.

வேலையை உண்மையில் கற்றுக்கொடுத்தது எங்கள் பொறுப்பதிகாரி. வணிகக் கப்பலில் தலைவராக இருந்து இறங்கிய சிங்கள மனிதர். கப்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தமிழ் தெரியாது, எங்களோடு சிங்களத்தில்தான் பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பென்சிலைப் பிளேட்டால் தானே சீவுவார். அறைக்குள் அழிறப்பரை விடமாட்டார். பிழையாக எழுதினால் மேலே ஒரு கோடு, பிழையும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு தேடல் தொடங்கினால் அது முடியும் வரை நாற்காலியில் உட்காரமாட்டார். கேட்டதற்கு, "அவங்க உட்கார இடமில்லாம மிதக்கிறாங்க மிஸ்" என்றார். அப்புறம் நாங்களும் கேட்கவில்லை.

அழைப்பு வந்தால் முதலில் இடத்தைக் கேட்க வேண்டும். பெயர் பிறகு. இணைப்பு எந்த நொடியும் அறுந்து போகலாம், பெயரை வைத்துக்கொண்டு கடலில் யாரையும் தேட முடியாது. அடுத்தது எத்தனை பேர், என்ன நடந்தது, மிதக்க என்ன இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா. கடைசியாகக் காற்றும் நீரோட்டமும். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, அவர் 'ஓம்', ஆமாம் என்ற பிறகுதான் எழுத வேண்டும். எழுதுகிற புத்தகத்தில் இரண்டு பக்கம். இடது பக்கத்தில் அவர் சொன்ன சொல், அவருடைய பாஷையில், அப்படியே. வலது பக்கத்தில் ஆங்கிலத்தில் அதன் பொருள். இந்த இடது பக்கத்தைக் கப்டன்தான் கொண்டுவந்தார். எனக்கு அது ஒரு வீண் வேலையாகப் பட்டது. ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு தடவை எழுதுவது என்று மற்றப் பெண்களிடம் முணுமுணுத்திருக்கிறேன்.

முதல் வாரத்தில் அவர் சொல்லித்தந்த இன்னொரு விதியும் உண்டு. கடல் புத்தகங்களில் காற்றுக்கு, அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயர். நீரோட்டத்துக்கு, அது எங்கே போகிறதோ அந்தத் திசையின் பெயர். வடக்குக் காற்று என்றால் வடக்கிலிருந்து வருவது. வடக்கு நீரோட்டம் என்றால் வடக்கை நோக்கிப் போவது. இதில் எல்லோரும் தடுமாறுவார்கள். நான் தடுமாறவில்லை. சோதனையில் முழுப் புள்ளி. அந்த முழுப் புள்ளிதான் என் வினை.

அந்தப் படகு மூழ்கிய அன்று காலை பத்து மணி கழிந்து பத்து நிமிஷம். கப்டன் துறைமுகத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். வானொலியில் இரைச்சலோடு ஒரு தமிழ்க் குரல்.

"ஆராவது கேக்குறியளோ? நாங்கள் தாழுறம். கேக்குதோ? தாழுறம்."

ஆபத்தென்றால் 'மேடே' என்று மூன்று தடவை சொல்ல வேண்டும் என்பது புத்தகத்தில். என் முப்பது வருஷத்தில் ஒரு தமிழ் மீனவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. 'தாழுறம்', மூழ்குகிறோம் என்பார்கள்.

"கேக்குது அண்ணே, கேக்குது. எங்க இருக்கீங்க? ஜிபிஎஸ் நம்பரை வாசிங்க."

வாசித்தார். திருப்பிச் சொன்னேன். "ஓம், சரி" என்றார். பெயர் மரியநாயகம். படகில் நாலு பேர். மிதந்து வந்த மரக்குற்றி ஒன்று அடித்து, அடியில் உடைந்துவிட்டது. மிதக்க ஐஸ் பெட்டி மூடியும் வெறும் டீசல் கான்களும். குடிக்க இரண்டு போத்தல் தண்ணீர்.

"காத்து எப்பிடி அண்ணே? தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது?"

"காத்தே இல்லை தங்கச்சி. வாடைத் தண்ணி. நல்லா இழுக்குது." பின்னால் யாரோ கத்துவது கேட்டது. "பற்றரிக்குத் தண்ணி வந்திட்டுது, இனிக் கதைக்கேலாது. என்ர மனிசிக்குச் சொல்லிவிடுங்கோ..."

அத்தோடு போய்விட்டது. மனைவியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது கடலோடு போயிற்று. எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை.

இடது பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வலது பக்கத்தை மட்டும் கடகடவென்று நிரப்பினேன். வாடை என்றால் வடக்கு, ஆறாம் வகுப்பிலேயே படித்தது. நீரோட்டம் என்ற பெட்டியில் 'வடக்கு' என்று எழுதினேன். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலைக் கூப்பிட்டு இடத்தைக் கொடுத்தேன். அதன் தலைவர் மறுபேச்சில்லாமல் திருப்பினார்.

இருபது நிமிஷத்தில் கப்டன் வந்தார். புத்தகத்தைப் பார்த்தார்.

"இடது பக்கம் காலியா இருக்கே மிஸ்?"

"அவசரம் சார். வலது பக்கம் எல்லாம் சரி."

"நீரோட்டத்துக்கு அவர் சொன்ன சொல் என்ன?"

"வாடை சார். வாடைன்னா வடக்கு."

"ஷுவர்?"

"ஷுவர் சார்." கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். தமிழில் என்னிடமே சந்தேகமா என்று ஒரு கோபம்.

அவர் வரைபடத்தின் முன் நின்று பென்சிலால் வடக்கே ஒரு கோடு இழுத்தார். "இந்த மாசத்துல அங்க தண்ணி எந்தப் பக்கமும் போகும். புத்தகத்தப் பார்த்துச் சொல்ல ஏலாது. அங்க மிதக்கிறவருக்குத்தான் தெரியும். அவர் வடக்குன்னா வடக்குதான். சரி." கப்டன் மரியநாயகத்தின் சொல்லை நம்பினார். நான்தான் அதை அவரிடம் கொடுக்கவில்லை.

கணக்கு சுலபம். கடைசியாகத் தெரிந்த இடத்தில் ஒரு புள்ளி. ஒவ்வொரு மணி நேரமும் நீரோட்டம் எவ்வளவு தள்ளும் என்று புள்ளியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நேரம் போகப் போகத் தேடும் கட்டம் பெரிதாகும். சரக்குக் கப்பல், படகு மூழ்கிய இடத்துக்குப் போனபோது எண்ணெய்ப் படலமும் ஒரு செருப்பும்தான் இருந்தன. அங்கிருந்து வடக்கே போனது. மாலை வரை ஒன்றுமில்லை. மறுநாள் விடிந்ததும் ஒரு விமானமும் சேர்ந்துகொண்டது, அதுவும் வடக்கே. கப்டன் உட்காரவில்லை. பிளேன்டீயை நின்றபடியே குடித்தார். நான் வீட்டுக்குப் போகவில்லை.

அன்று காலை பதினொன்று இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. காசு கொடுத்துப் பேசும் கொம்யூனிகேஷன் கடையொன்றிலிருந்து ஒரு பெண்.

"நான் ஜெசிந்தா. மரியநாயகத்தின்ர மனிசி. மீனவர் சங்கத்தில இந்த நம்பரைத் தந்தவை. தமிழ் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ?"

"நான் தமிழ்தான் அக்கா. சொல்லுங்க."

"ஐயோ, நல்லதாப் போச்சு. அவரோட கதைச்சது நீங்களோ? என்ன சொன்னவர்?"

சொன்னேன். நாலு பேரும் மிதக்கிறார்கள், கப்பல் தேடுகிறது, விமானமும் போயிருக்கிறது. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. கவனமாகக் கேட்டாள்.

"தண்ணி என்னெண்டவர்?"

"வாடைத் தண்ணின்னு சொன்னார் அக்கா."

"அப்ப எந்தப் பக்கம் தேடுறியள்?"

"வடக்குப் பக்கம்."

கடையில் யாரோ பேசுவது மட்டும் கேட்டது.

"தங்கச்சி... வாடைத் தண்ணியெண்டால் வடக்கயிருந்து வாற தண்ணியல்லோ? தெற்கயல்லோ கொண்டு போகும்? அவர் தெற்க போறன் எண்டல்லோ சொல்லியிருக்கிறார்!"

வாடைக் காற்று வடக்கிலிருந்து வருவது. அது எனக்குத் தெரியும். மீனவர்கள் தண்ணீருக்கும் அதே மாதிரி, வருகிற பக்கத்தை வைத்துத்தான் பெயர் சொல்வார்கள் என்பது தெரியாது. அவர் தன் கரைப் பேச்சில் சரியாகச் சொன்னார். நான் அதற்கு ஒரு கப்பல் புத்தகத்தின் விதியைப் போட்டு, அவரைத் தலைகீழாகத் திருப்பிவிட்டேன். 'அண்ணே, வடக்கே போறீங்களா?' என்று ஒரே ஒரு தடவை திருப்பிக் கேட்டிருந்தால் போதும்.

"ஆர் இப்பிடிப் பிழையா எழுதினது?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

என் வாயிலிருந்து வந்ததை நான் இன்றைக்கும் நம்ப முடியாமல்தான் எழுதுகிறேன். "தெரியல அக்கா. இங்க யாரோ பிழையா எழுதிட்டாங்க. இப்ப சரி பண்ணுறோம்" என்றேன்.

"கெதியாத் திருப்பச் சொல்லுங்கோ தங்கச்சி. கெதியா."

ரிசீவரை வைத்த கையோடு கப்டனிடம் போனேன். அவரிடம் பொய் சொல்லவில்லை. "சார், பிழை என்னுது. தண்ணி தெற்கே போகுது. வடக்கே இல்ல" என்றேன். ஏன் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"இருபத்தஞ்சு மணி நேரம்" என்றார். முதல் கோட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, தெற்கே புதிய கோடு இழுத்தார். எங்கள் கட்டத்துக்கும் அவர்கள் கிடக்க வேண்டிய இடத்துக்கும் இடையில் ஐம்பது கடல் மைல். "கப்பலைக் கூப்பிடுங்க மிஸ். நீங்களே கூப்பிடுங்க. அழறதுன்னா அவங்கள எடுத்த பிறகு அழலாம்."

கூப்பிட்டேன். விமானத்துக்குத் திரும்பிப்போய் எண்ணெய் நிரப்ப வேண்டியிருந்தது. கப்பல்தான் முழு வேகத்தில் தெற்கே வந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அதன் தலைவர் வானொலியில் வந்தார். மூன்று பேர் என்றார்.

"நாலு பேர்" என்றேன் நான். "நாலு பேர் சார், திரும்பப் பாருங்க."

"மூன்று பேர்தான். நாலாவது ஆள் மத்தியானம் வரை இருந்ததாகச் சொல்கிறார்கள்."

மத்தியானம். அதாவது ஜெசிந்தா தொலைபேசியை வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. கப்பல் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்த நேரம். மூடியில் மூன்று பேருக்குத்தான் இடம். மரியநாயகம் மற்றவர்களை ஏற்றிவிட்டு முழு நேரமும் தண்ணீரில் ஒரு கானைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். முதல் நாள் மாலையே கப்பல் வந்துவிடும் என்று அவர்களுக்குத் தைரியம் சொன்னாராம். தமிழ்ப் பிள்ளை ஒன்று கேட்டது, எல்லாம் எழுதி எடுத்தது, பயப்படாதேங்கோ என்றாராம். மறுநாள் மத்தியானம் கை விட்டுவிட்டது.

இதை மூன்று பேரில் ஒருவர் கப்பல் வானொலியில் எனக்குத்தான் சொன்னார். அங்கே மற்ற யாருக்கும் தமிழ் விளங்காதே. நான் கேட்டு எழுதினேன். இந்தத் தடவை இடது பக்கத்திலும் எழுதினேன்.

ஒரு கிழமை கழித்துக் கப்டன் ஒரு தாளைக் கொண்டுவந்தார்.

"இங்க ஒரு கையெழுத்து மிஸ். அந்தப் படகு ரிப்போர்ட்."

"வாசிச்சிட்டுப் போடட்டுமா சார்?"

"வேண்டாம். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கிக்கொள்ள நான் விரும்பவில்லை, அதுதான் உண்மை. லயத்தில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காரணம் சொல்லலாம். சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஒரு எண்ணைக்கூடத் திருப்பிக் கேட்காமல் எழுதக்கூடாது என்று கற்ற நான், ஒரு முழுத் தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள்தான் பிறகு பாடமாகியிருக்கிறது. பிழையை அழிக்காமல் கோடு போடச் சொன்ன மனிதர், எனக்காக ஒரே ஒரு பிழையை அழித்தார். அவரும் இப்போது இல்லை. அவரைத் திட்டவும் மனம் வரவில்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.

பின்னேரம் ரிஸ்னாவுக்குப் போன் எடுத்தேன்.

"புள்ள, ஒண்ணு கேக்கிறேன். இப்ப ஒரு படகுக்காரர் தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு சொன்னா என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம் மிஸ். அந்தப் பெட்டிய வெறுமையா விடுவோம். அவங்களுக்குத் திசை தெரியாதுன்னு தானே பாடத்துல இருக்கு. நாங்க கேக்கிறதே இல்ல."

கேட்பதே இல்லை! நான் இருந்தவரை கேட்டுத்தான் எழுதினேன், புதிதாக வருகிறவர்களுக்கு என்ன பாடம் கொடுக்கிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எத்தனை வருஷம், எத்தனை அழைப்பு. என் ஒரு கையெழுத்து ஒரு கரை முழுக்க உள்ள மனிதர்களின் வாயை அடைத்துவிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"அல்லாஹ்வே" என்றாள் மெதுவாக. பிறகு, "மிஸ், அந்த ஃபைல் கீழ ரெக்கோர்ட் ரூம்ல இருக்கு. போய்ப் பாக்கட்டா?"

ஒரு மணி நேரத்தில் அவளே திரும்பப் போன் எடுத்தாள். குரல் மாறியிருந்தது.

"மிஸ், இதுல ஒரு கடிதம் இருக்கு. தமிழ்ல. நீங்க பென்ஷன் போன வருஷம் வந்திருக்கு. சீல் அடிச்சு உள்ள வச்சிருக்காங்க, ஒருத்தரும் பதில் போடல. அப்ப அங்க தமிழ் வாசிக்க ஆளில்லையே. வாசிக்கட்டா?"

"வாசி."

"'ஐயா, என்னுடைய கணவர் திசையைப் பிழையாகச் சொன்னபடியால்தான் இறந்தவர் என்று உங்களுடைய அறிக்கையில் இருப்பதாகச் சங்கத்தில் சொல்கிறார்கள். என் மகனும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தவன். அவர் பதினைந்து வயதில் கடலுக்குப் போனவர். பிழையாகச் சொல்லியிருக்க மாட்டார். அன்று அவரோடு கதைத்த தமிழ்த் தங்கச்சி ஒருவர் உங்களிடம் இருந்தவர். தயவுசெய்து அவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியும். அவர் உண்மை சொல்லுவார்.'"

ரிஸ்னா மூக்கை உறிஞ்சினாள். எனக்குக் கண்ணீர்கூட வரவில்லை.

"புள்ள, பேனா எடு. அந்தப் பாடத்த அழிக்காத. குறுக்க ஒரு கோடு போடு. கீழ ரெண்டு பக்கமா எழுது. இடது பக்கம்: வாடைத் தண்ணி. வலது பக்கம்: வடக்கிலிருந்து தெற்கே போகும் நீரோட்டம். சரியாச் சொன்னவர் படகுத் தலைவர் மரியநாயகம். பிழையா எழுதியது வானொலி ஒப்பரேட்டர் செல்வராணி. எழுதிட்டியா? திருப்பி வாசி."

திருப்பி வாசித்தாள். பிறகு தயங்கினாள். "மிஸ், உங்க பேரு வேணுமா? ஒரு ஊழியர்னு போட்டாப் போதாதா? யாரோன்னு இருந்துட்டுப் போகட்டுமே."

"அந்த 'யாரோ'வ நான் ஒரு தடவ பாவிச்சாச்சு" என்றேன். "கடிதத்துல நம்பர் இருக்கா?"

இருந்தது. எழுதிக்கொண்டு, அதையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. வீட்டுக்கு முன்னால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் டியூஷன் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். மிளகுப் பாயின் ஓரத்தில் நின்றபடியே எண்ணை அழுத்தினேன். உட்காரவில்லை. நீண்ட நேரம் அடித்தது. பிறகு அதே குரல், வயதாகியிருந்தது.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"ஜெசிந்தா அக்கா, அன்னைக்கு உங்ககிட்ட யாரோ பிழையா எழுதிட்டாங்கன்னு சொன்னேனே. அந்த யாரோ நான்தான் அக்கா."